கடல் கடந்த குழந்தைகளும் கைக்கு எட்டாத ஏடுகளும்



பங்கு இல்லத்துப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் ஞானஸ்நானப் புத்தகங்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கலியாண ஓலை வாசிக்கும் முன்பும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் போதும் அதிலிருந்து ஒரு சான்றிதழ் கேட்டு வருகிறீர்கள். புத்தகத்தைத் திறந்தால் உங்களுக்காக ஒரே ஒரு வரி இருக்கும். பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், சொந்த ஊர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், குருவானவரின் கையெழுத்து. அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் சான்றிதழை வாங்கிக்கொண்டு வீடு திரும்பி விடுகிறீர்கள். அந்த ஒரு வரியின் விலை என்ன என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இருப்பவனுக்கு அதன் அருமை தெரியாது.

அந்த ஒரு வரி இல்லாமல் வாழ்நாள் முழுவதும் வாடியவர்கள் உண்டு. தங்கள் தாயின் பெயர் என்ன, தாங்கள் பிறந்த ஊர் எது, தங்களுக்கு உடன்பிறந்தோர் உண்டா என்று அறியாமல் அறுபது வயதையும் எழுபது வயதையும் எட்டியவர்கள் அவர்கள். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளே அவர்கள். அவர்களுடைய வரலாற்றையும், அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இழந்த வேரை மீண்டும் பற்றிக்கொள்ள நடந்துவரும் முயற்சியையும் இம்மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

விழா மலரில் இது ஏன்?

பொன்விழா மலரில் மகிழ்ச்சியான செய்திகளை எழுதக்கூடாதா, எங்கோ நடந்த துயரத்தை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதிலும், இத்துயரத்தில் நம் திருச்சபையைச் சேர்ந்தோருக்கும் பங்கு உண்டு என்னும்போது, இதை மூடி வைப்பதே நல்லது என்று கருதுவோரும் இருக்கலாம். அவர்களுக்கு என் விடை லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

ஜூபிலி என்ற சொல்லே எபிரேய மொழியின் 'யோபேல்' என்ற சொல்லிலிருந்து வந்ததாகும். ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் சொல் அது. ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும் அந்தக் கொம்பை ஊதி விடுதலையை அறிவிப்பார்கள். அன்று அடிமைப்பட்டவன் விடுதலை பெறுவான். நிலத்தை இழந்தவன் தன் காணிக்குத் திரும்புவான். குடும்பத்தை விட்டுப் பிரிந்தவன் தன் இனத்தாரிடம் திரும்புவான். கொடியேற்றமும் தேர்பவனியும் விருந்தும் பின்னால் வந்தவை. தொடக்கத்தில் ஜூபிலி என்றால் வீடு திரும்புதல் என்றே பொருள். ஆகவே, வீடு திரும்ப வழி தெரியாமல் தவித்தவர்களின் கதையைச் சொல்ல ஐம்பதாம் ஆண்டு மலரை விடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

கப்பலேறிய குழந்தைகள்

ஏழைக் குழந்தைகளைக் கடல் கடந்து அனுப்பும் வழக்கம் இங்கிலாந்தில் மிகப் பழையது. 1618-ஆம் ஆண்டிலேயே லண்டன் தெருக்களில் திரிந்த சிறுவர் சிறுமியர் அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்திற்கு அனுப்பப்பட்டனர். ஆயினும் இது பெரிய அளவில் நடைபெறத் தொடங்கியது 1869-இல்தான். அவ்வாண்டு மரியா ரை என்னும் அம்மையார் ஒரு கூட்டம் குழந்தைகளைக் கனடாவுக்கு அழைத்துச் சென்றார். அவரைப் பின்பற்றி ஆன்னி மக்பெர்சன், டாக்டர் பர்னார்டோ முதலிய பலர் இதே பணியில் இறங்கினர். கத்தோலிக்கரும் பின்தங்கவில்லை. 1870-இல் லிவர்பூல் நகரத்து ஜேம்ஸ் நூஜெண்ட் அடிகளார் ஒரு குழுவினரைக் கனடாவுக்கு இட்டுச் சென்றார். கனடாவுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சென்றனர். எல்லா நாடுகளையும் சேர்த்து 1,30,000 குழந்தைகளுக்கு மேல் என்பது மதிப்பீடு.

அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தீயவர்கள் அல்லர். தொழிற்சாலைப் புகையிலும் சேரிகளின் பசியிலும் வாடிய குழந்தைகளுக்குத் திறந்த வெளியும் வயிறார உணவும் கிடைக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அதோடு வேறு கணக்குகளும் இருந்தன. குழந்தையை உள்நாட்டு இல்லத்தில் வளர்ப்பதை விட வெளிநாட்டுக்கு அனுப்புவது செலவு குறைந்ததாக இருந்தது. குடியேற்ற நாடுகளுக்குப் பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. கனடாவில் இக்குழந்தைகளுள் பலர் பண்ணை வீடுகளில் கூலியில்லாத வேலைக்காரர்களாகவே நடத்தப்பட்டனர். 1924-இல் மார்கரெட் பாண்ட்ஃபீல்டு அம்மையார் தலைமையில் சென்ற பிரிட்டிஷ் குழு இதைக் கண்டு, பள்ளிப் பருவம் முடியாத குழந்தைகளை அனுப்பக் கூடாது என்று பரிந்துரைத்தது. கனடாவும் மறு ஆண்டில் பெற்றோரின்றி வரும் 14 வயதுக்குட்பட்டோருக்குக் கதவை அடைத்தது.

ஆனால் ஆஸ்திரேலியாவின் கதவு திறந்தே இருந்தது. கிங்ஸ்லி ஃபேர்பிரிட்ஜ் என்பவர் 1912-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பின்ஜாரா என்னுமிடத்தில் குழந்தைகளுக்கான பண்ணைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1938-இல் கிறிஸ்தவ சகோதரர் சபையைச் சார்ந்த சகோதரர் கான்லன் இங்கிலாந்து சென்று கத்தோலிக்க இல்லங்களிலிருந்து சிறுவர்களை அழைத்து வந்தார். பெர்த் நகரப் பேராயர் அவர்களை வரவேற்றபோது, தொட்டில்கள் வெறுமையாக இருப்பதால் நிலமும் வெறுமையாகக் கிடக்கிறது, ஆகவே வெளியிலிருந்து மக்கள் வர வேண்டும் என்ற கருத்தில் பேசினார். ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் மட்டுமே பெருக வேண்டும் என்ற அரசியல் அக்காலத்தில் ஓங்கியிருந்தது. குழந்தைகள் அந்த அரசியலுக்கு விதைநெல்லாக ஆக்கப்பட்டனர். கத்தோலிக்கப் பிள்ளைகள் வேறு சபையினர் கையில் சேர்ந்து விசுவாசத்தை இழந்துவிடக் கூடாதே என்ற கவலையும் நம்மவர்களை உந்தியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் இது மீண்டும் தொடங்கியது. 1947 செப்டம்பர் 22-ஆம் நாள் 'அஸ்தூரியாஸ்' என்ற கப்பல் 147 சிறுவர் சிறுமியரோடு ஃப்ரிமாண்டில் துறைமுகத்தை அடைந்தது. மால்டா தீவிலிருந்தும் 1950-க்கும் 1965-க்கும் இடையே 310 குழந்தைகள் அனுப்பப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியா சென்ற குழந்தைகள் சுமார் 7,000 பேர். 1970 வரை இது நீடித்தது என்பதை எண்ணிப் பாருங்கள். நம்மில் பலர் அப்போது பிறந்துவிட்டோம்!

பொய்யாக்கப்பட்ட உறவு

அக்குழந்தைகளிடம் என்ன சொல்லி அழைத்துச் சென்றார்கள்? அந்த நாட்டில் எப்போதும் வெயில் அடிக்கும், மரத்திலிருந்து ஆரஞ்சுப் பழம் பறித்துத் தின்னலாம், குதிரையேறிப் பள்ளிக்குப் போகலாம் என்று ஆசை காட்டினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆஸ்திரேலியா எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? சுற்றுலாவுக்குப் போய்த் திரும்புவோம் என்று நினைத்தவர்களும் இருந்தனர்.

இல்லங்களில் நடந்ததை முழுவதும் இங்கே எழுத முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பிந்தூன், கிளான்டார்ஃப், கேஸில்டேர், தார்தூன் ஆகிய நான்கு இடங்களில் கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய இல்லங்களைப் பற்றி 2014-இல் ஆஸ்திரேலிய அரச விசாரணைக் குழு பொது விசாரணை நடத்தியது. அடியும் உதையும் பாலியல் கொடுமையும் அங்கு நடந்தன என்பது அங்கே வெளிப்பட்டது. பிந்தூனின் பெரிய கட்டடங்கள் பள்ளியில் படித்திருக்க வேண்டிய சிறுவர்களின் உழைப்பால் எழுந்தவை. நல்ல சகோதரர்களும் நல்ல கன்னியரும் அங்கே இருந்தனர் என்று முன்னாள் பிள்ளைகளே சொல்லியிருக்கின்றனர். எனினும் சிலரின் நன்மை மற்றவர்களின் கொடுமையை அழித்துவிடாது.

நான் இங்கே சிறப்பாகச் சொல்ல வருவது வேறொரு களவைப் பற்றி. அடிபட்ட காயம் உடலில் தெரியும். இந்தக் களவு எந்தக் காயத்தையும் காட்டவில்லை. பல குழந்தைகளிடம், உன் தாய் தந்தையர் இறந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். உண்மையில் பலருடைய தாய் உயிரோடு இருந்தாள். மணமாகாமல் பெற்றதனாலோ, வறுமையாலோ, கணவனை இழந்ததாலோ பிள்ளையைத் தற்காலிகமாக இல்லத்தில் விட்டுச் சென்றவள் அவள். அவள் திரும்பி வந்து கேட்டபோது, உன் பிள்ளையை நல்ல குடும்பம் ஒன்று தத்தெடுத்துக் கொண்டது என்று சொல்லப்பட்டதும் உண்டு. பெற்றவளுடைய சம்மதத்தைக் கேளாமல் இல்லத் தலைவியே கையெழுத்திட்டு அனுப்பிய பிள்ளைகளும் உண்டு. அண்ணன் ஓர் இல்லத்துக்கும் தங்கை வேறோர் இல்லத்துக்கும் பிரிக்கப்பட்டனர். பெயர்களும் பிறந்த தேதிகளும் மாறிப் போயின. பிறப்புச் சான்றிதழ் கப்பலோடு வரவில்லை. பெரியவர்களான பின் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான், தாங்கள் ஆஸ்திரேலியக் குடிமக்களே அல்லர் என்று பலர் தெரிந்துகொண்டனர். பிறந்த நாடு கைவிட்டது. வளர்ந்த நாடு எழுதிக்கொள்ளவில்லை.

பழைய ஏற்பாட்டில் எஸ்ராவின் நூல் ஒரு செய்தி சொல்கிறது. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து மக்கள் திரும்பி வந்தபோது, சில குடும்பத்தார் தங்கள் வமிச அட்டவணையைத் தேடினார்கள், அது அகப்படவில்லை. அதனால் அவர்கள் குருத்துவப் பணியினின்றும் விலக்கப்பட்டார்கள். ஏட்டில் பெயர் இல்லாதவன் தன் இனத்துக்குள்ளேயே அந்நியனாகிறான். இந்த வேதனை இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேதாகமத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு கடிதம் திறந்த கதவு

1986-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் சமூக நலப் பணியாளராக இருந்த மார்கரெட் ஹம்ஃப்ரீஸ் என்ற அம்மையாருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கு வயதில் தன்னைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள், தன் உறவினரைக் கண்டுபிடிக்க உதவ முடியுமா என்று ஒரு பெண்மணி கேட்டிருந்தார். நான்கு வயதுக் குழந்தையைத் தாயும் தந்தையும் இல்லாமல் உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பியிருப்பார்களா என்று ஹம்ஃப்ரீஸ் முதலில் நம்பவில்லை. விசாரித்தார். ஒருவரல்ல, ஆயிரக்கணக்கானோர் என்று தெரிந்தது. மறு ஆண்டு, 1987-இல், 'குழந்தைக் குடியேறியோர் அறக்கட்டளை'யைத் தொடங்கினார்.

அவர் செய்த பணி எத்தகையது என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. அதில் மாயம் ஒன்றுமில்லை, பொறுமைதான் முதல். இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றும் அரசுப் பதிவேட்டில் ஏறுகின்றன. அவற்றின் அட்டவணைகள் அப்போது லண்டனில் புனித கத்தரீன் மாளிகை என்ற கட்டடத்தில் இருந்தன. வந்தவர் சொல்லும் பெயரையும் ஏறத்தாழப் பிறந்த ஆண்டையும் வைத்துக்கொண்டு முதலில் பிறப்பு ஏட்டைப் புரட்ட வேண்டும். பிறப்புப் பதிவு கிடைத்தால் தாயின் கன்னிப் பெயர் தெரியும். அடுத்து, அவள் பின்னாளில் யாரை மணந்தாள் என்று திருமண ஏட்டைப் புரட்ட வேண்டும். மணமானால் அவள் பெயர் மாறியிருக்கும். அந்தப் புதுப் பெயரில் இறப்பு ஏட்டில் தேட வேண்டும். அங்கே இல்லையென்றால், அவள் உயிரோடு இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை பிறக்கும்! பிறகு முகவரி தேடிக் கதவைத் தட்ட வேண்டும். நாற்பது ஆண்டுகளாகக் கணவனிடம்கூடச் சொல்லாத இரகசியத்தைச் சுமந்துகொண்டிருக்கும் ஒரு மூதாட்டி அந்தக் கதவைத் திறப்பாள். அவளிடம் எப்படிப் பேசுவது? இதற்குப் பயிற்சியும் இரக்கமும் வேண்டும். ஏடு தேடுவது பாதி வேலை. இருவரையும் பக்குவமாகச் சேர்ப்பது மறு பாதி.

ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இந்தத் தேடல் முட்டுச் சுவரில் மோதும். பிறந்த தேதி தவறாக எழுதப்பட்டிருந்தால் பல ஆண்டு ஏடுகளைப் புரட்ட வேண்டும். அரசு ஏடு கைகொடுக்காத இடத்தில் ஞானஸ்நானப் புத்தகமும் இல்லத்துச் சேர்க்கைப் புத்தகமும் கைகொடுக்கலாம். என்றோ ஒரு குருவானவர் பொறுப்போடு எழுதிய ஒரு வரி, அறுபது ஆண்டு கழித்து ஒரு முதியவரை அவர் தாயிடம் கொண்டு சேர்க்க வல்லது. பொறுப்பின்றி எழுதிய ஒரு வரி அவரை இறுதிவரை அலைய வைக்க வல்லது.

தாமதமாக வந்த நீதி

இந்த அம்மையாரின் உழைப்பாலும், முன்னாள் குழந்தைகளே ஒன்று கூடிக் குரல் எழுப்பியதாலும் அரசுகளும் சபைகளும் விழித்துக்கொண்டன. கிறிஸ்தவ சகோதரர் சபை 1993-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 1995-இல் தன் இல்லங்களில் வளர்ந்தோருக்கென ஒரு சேவை மையம் ஏற்படுத்தி, ஆலோசனையும், உறவினரைக் காணச் செல்லப் பயண உதவியும் அளித்தது. ஆஸ்திரேலியக் கத்தோலிக்கத் துறவற சபைகள் சேர்ந்து 1999-இல் ஒரு பெயர் அட்டவணை தயாரித்தன. 1938 முதல் 1965 வரை கத்தோலிக்க இல்லங்களுக்கு வந்த குழந்தை ஒவ்வொருவரின் ஆவணமும் எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்வதே அதன் நோக்கம். இந்தப் பணியை நான் பெரிதாக மதிக்கிறேன். மன்னிப்பு என்பது வாயால் சொல்வதோடு முடிவதில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் அதில் அடங்கும். பாவசங்கீர்த்தனத்தில் இதைத்தானே நாம் கற்பிக்கிறோம்? திருடியவன் மனஸ்தாபப்பட்டால் மட்டும் போதாது. பொருளைத் திருப்பித் தர வேண்டும். இங்கே திருடப்பட்ட பொருள் ஒருவரின் பெயர்.

1998-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவும், 2001-இல் ஆஸ்திரேலிய செனட் குழுவும் விரிவான அறிக்கைகள் வெளியிட்டன. 2009 நவம்பர் 16-ஆம் நாள் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2010 பிப்ரவரி 24-ஆம் நாள் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரௌன் மன்னிப்புக் கேட்டு, உறவினரைக் காணப் பயணம் செய்வதற்கென 60 லட்சம் பவுன் நிதியை அறிவித்தார். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் சுதந்திர விசாரணைக் குழு, உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் இழப்பீடு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்படி தலைக்கு 20,000 பவுன் வழங்க அரசு இசைந்தது.

ஆனால் காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அறிக்கை வருவதற்குள் தாய் இறந்து போனாள். நிதி வருவதற்குள் மகன் இறந்து போனான். தாயைத் தேடிப் போய்க் கல்லறையைக் கண்டவர்கள் பலர். அந்தக் கல்லறை முன்னே நின்றபோதும் அவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. என் தாய்க்கு இந்தப் பெயர், இந்த ஊர் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் கிடைத்தது.

பேரப்பிள்ளைகளின் தேடல்

இழப்பு அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடவில்லை. கனடாவில் இக்குழந்தைகளை 'இல்லத்துப் பிள்ளைகள்' என்று இழிவாகச் சொல்வார்கள். ஆகையால் அவர்களுள் பலர் வளர்ந்து மணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் தங்கள் கதையைச் சொல்லாமலே கண்மூடினர். இறந்த பின் பெட்டியைத் திறந்து பார்த்த பேரப்பிள்ளைகளே உண்மையை அறிந்தனர். கனடா மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இவர்களின் வழித்தோன்றல்கள் என்று மதிப்பிடுகின்றனர். அந்நாட்டின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் கப்பல் பட்டியல்களில் உள்ள பெயர்களை எல்லோரும் தேடிப் பார்க்கும்படி வெளியிட்டுள்ளன. 2017-இல் கனடா மக்களவை மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2018-ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 28-ஆம் நாள் இவர்களின் நினைவு நாளாக அங்கே அனுசரிக்கப்படுகிறது. வெட்கப்பட்டு மறைத்த பெயரை இன்று பேரன் பேத்திகள் பெருமையோடு சொல்லுகின்றனர்.

நம் பாரத நாட்டிலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. அஸ்ஸாமிலும் டார்ஜிலிங்கிலும் இருந்த தேயிலைத் தோட்ட வெள்ளைத் துரைமார்களுக்கும் அத்தோட்டங்களில் இருந்த நம் நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்காக, ஸ்காட்லாந்துச் சபைப் போதகர் டாக்டர் கிரஹாம் என்பவர் 1900-இல் காலிம்போங் மலையில் ஓர் இல்லம் தொடங்கினார். அங்கு வளர்ந்தவர்களில் 130 பேர் 1908-க்கும் 1938-க்கும் இடையே நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களும் தங்கள் பிள்ளைகளிடம் வாய் திறக்கவில்லை. அவர்களில் ஒருவரின் பேத்தியான ஜேன் மக்கேப் என்ற வரலாற்றாசிரியர் அவ்வில்லத்துக் கோப்புகளைத் தேடிப் படித்து நூல் எழுதினார். நியூசிலாந்திலிருந்து குடும்பங்கள் காலிம்போங் வந்து தங்கள் முன்னோரின் கோப்புகளைப் பார்த்துச் சென்றிருக்கின்றன. அக்கோப்புகளில் தகப்பனைப் பற்றிய செய்தி உண்டு. தாயைப் பற்றிய செய்தியோ மிகமிகக் குறைவு. கூலிக்காரப் பெண்ணின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. எழுதாமல் விட்ட அந்த ஒரு பெயருக்காக இன்று கொள்ளுப் பேத்தி ஏங்குகிறாள்.

நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து நம் பங்கு கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, ஒருவரைப் பற்றி எழுதப்பட்ட வரி அவருக்குச் சொந்தமானது. நாம் அதன் காவலரே அன்றி உரிமையாளர் அல்லர். தன் பதிவைக் கேட்டு வருபவரை, ஏன் கேட்கிறாய் என்று குறுக்கு விசாரணை செய்யலாகாது, அலைக்கழிக்கலாகாது. எங்கிருந்தோ வந்து, என் பாட்டி இந்த ஊராம் என்று சொல்லும் அந்நியரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்க வேண்டும். உங்களிடம் வந்தாலும் அவரைப் பங்கு இல்லத்துக்கு அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்க வரும்போது உண்மையான விவரத்தைக் கொடுங்கள். பிறந்த தேதியைப் பள்ளிக்காக மாற்றிச் சொல்லாதீர்கள். தாயின் பெயரை முழுவதுமாகச் சொல்லுங்கள். கணவனால் கைவிடப்பட்ட தாய், மணமாகாத தாய் என்று யாருடைய பிள்ளையானாலும் அந்தப் பிள்ளைக்கு ஏட்டில் ஒரு வரி உண்டு. நாணத்தால் மறைப்பது அப்பிள்ளைக்குச் செய்யும் தீங்காகும். மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டவருடைய வமிச வரிசையில் தாமாரும், ராகாபும், ரூத்தும், உரியாவின் மனைவியும் இடம் பெற்றிருக்கின்றனர். ஊர் பேசத்தக்க கதையுள்ள பெண்கள் என்று எவரையும் நற்செய்தியாளர் விட்டுவிடவில்லை. நாம் மட்டும் ஏன் விட வேண்டும்?

மூன்றாவது, நம் நாட்டிலிருந்தும் குழந்தைகள் பலர் தத்தாக வெளிநாடு சென்றிருக்கின்றனர். அவர்கள் இன்று பெரியவர்களாகித் தங்கள் மூலத்தைத் தேடி வருகின்றனர். இந்தியத் தத்தெடுப்பு விதிகளிலேயே இவ்வாறு வேரைத் தேடுவதற்கு வழி செய்யப்பட்டுள்ளது. அப்படித் தேடி வருபவர் குற்றம் சாட்ட வருகிறார் என்று அஞ்ச வேண்டாம். அதே சமயம், பெற்ற தாய் இன்று வேறு குடும்பத்தில் இருக்கலாம். அவளுடைய மானத்தையும் காக்க வேண்டும். திடீரென்று ஊர் கூட்டிச் சொல்வது நல்லதல்ல. முறையான அமைப்புகளின் மூலம், இருவர் மனமும் இசைந்த பின், அமைதியாகச் சேர்ப்பதே அறம். நம் வீடுகளில் தத்தெடுத்து வளர்க்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு உண்மையைச் சொல்லி வளருங்கள். உங்கள் அன்பு உறுதியானதானால் உண்மை அதை அசைக்காது.

நான்காவது, படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் பிள்ளைகளைத் தூர ஊர்களுக்கு அனுப்புகிறோம். விடுதியில் விட்ட பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளையிடம் உங்கள் முகவரியும், தாத்தா பாட்டி பெயரும், சொந்த ஊர்க் கோவிலின் பெயரும் இருக்கட்டும். அடிக்கடி போய்ப் பாருங்கள். நல்லவர்கள் நடத்தும் இல்லம் என்பதனால் மட்டும் பிள்ளைகள் பத்திரமாக இருந்துவிடுவதில்லை என்பதை ஆஸ்திரேலிய வரலாறு நமக்குக் கண்ணீரோடு கற்பித்திருக்கிறது. கேள்வி கேட்கும் பெற்றோரை நல்ல இல்லம் வெறுக்காது.

இறுதியாக, இந்தப் பொன்விழாவை முன்னிட்டு உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு வேலை தருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் உள்ள மூத்தவர்களை உட்கார வைத்து, அவர்களுடைய தாய் தந்தையர் பெயர், பிறந்த ஊர், இவ்வூருக்கு வந்த காரணம், கடல் கடந்து போனவர்கள், போய்த் திரும்பாதவர்கள் எல்லோரையும் எழுதி வையுங்கள். அம்மா வழிப் பெயர்களை விட்டுவிடாதீர்கள். இன்று இருக்கும் பாட்டி நாளைக்கு இருப்பாள் என்பது நிச்சயம் இல்லை.

பங்கின் பழைய புத்தகங்களைச் செல்லரிக்காமலும் ஈரம் படாமலும் காத்து, படியெடுத்து வைக்கும் பொறுப்பு பங்குத் தந்தையையும் பங்குப் பேரவையையும் சார்ந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் யார் எந்தக் கண்டத்திலிருந்து வந்து இந்தக் கதவைத் தட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் வரும் நாளில் அவர்களுக்குரிய வரி இங்கே அழியாமல் இருக்க வேண்டும்.

நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறவர். அவரே, பெயர் இழந்து வாடிய அக்குழந்தைகளையும், அவர்களைப் பெற்று இழந்த தாய்மாரையும் தம் இராச்சியத்தில் ஒன்று சேர்ப்பாராக. நம் பங்கின் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குத் தந்தை